பெருநாளும் பாட்டும்



ஒரு பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் அன்ஸாரிச் சிறுமியர் இருவர் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டிருந்தனர். பாட்டு புஆஸ் யுத்தத்தைப் பற்றியது. ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டு முன், அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் மதீனத்து இரு கூட்டத்தாரும் வெட்டி மாய்ந்த யுத்தம் அது. அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்து அதட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள், விட்டுவிடும் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். புகாரியில் வருகிறது. நேற்றைப் பகைவர்கள் ஒரே ஜமாஅத்தாகிவிட்டார்கள். பழைய போர்ப்பாட்டு அவர்களின் பெருநாள் பாட்டாயிற்று!

நம் நிலைமை என்ன? 2015-ல் மறைந்த நாகூர் ஹனிபாவின் பாட்டைக் கடையில் வைத்தால் இந்து நண்பர்களும் நின்று கேட்டுப் போகிறார்கள். நாம் இன்னார் என்று அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. மௌலூது மஜ்லிஸிலோ நரைத்த தாடிகளே மிச்சம். வாலிபர்கள் மலாய்த் தோழர்களோடு கல்யாண வீடுகளில் கொம்பாங் அடிக்கிறார்கள். "மலாய்க்காரனாகிவிட்டான்" என்று ஏசுகிறோம். நாமும் ஏசியவர்தாம், மறைப்பானேன்? சென்ற ஆண்டு ஒரு பையன் கொம்பாங்குடன் மஜ்லிஸுக்கு வந்து, தட்டலாமா என்றான். வாசலிலேயே அதட்டி அனுப்பினோம். (இசைக்கருவிகள் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு, அது கடைக்காரர் தீர்க்கும் வழக்கல்ல. ஆனால் கொம்பாங்கும் தப்ஸின் இனந்தானே?) அவன் பிறகு வரவேயில்லை.

இவ்வாண்டு ரபீயுல் அவ்வலுக்கு நாமே அவன் வீட்டுக்குப் போய் அழைத்தோம். கொம்பாங்கையும் எடுத்து வரச் சொன்னோம். "பார்க்கலாம் மாமா" என்றான்.