பார்ப்பவனுக்கும் வினை உண்டோ?

நாவலூரில் குடியிருக்கும் நம் உறவினர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகனோடு சில நாள் தங்க வந்திருந்த தந்தையாருக்கும், பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் மகனுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மகன் நற்குணம் உடையவர். பொழுது சாயுமுன் உண்டுவிடும் நம் குல வழக்கத்தை அலுவலக நாள்களிலும் விடாதவர். ஆயினும் இரவில் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு திரைப்படமேனும் பாராமல் அவர் உறங்குவதில்லை. "இரவெல்லாம் கொலையும் கொள்ளையும் பார்க்கிறான், இது சாவகன் வீட்டில் நடக்கிற காரியமா?" என்பது தந்தையாரின் முறையீடு. "நான் ஓர் எறும்பையும் கொல்லவில்லையே, பெரியப்பா! பார்க்கத்தானே செய்கிறேன்?" என்பது நம்மிடம் மகன் கூறிய மறுமொழி.

இருவரில் எவர் பக்கமும் உடனே தீர்ப்புச் சொல்ல நம்மால் இயலவில்லை. பார்ப்பதும் ஒரு செயல்தானோ? பார்ப்பவனுக்கும் வினை உண்டோ? நம் இல்லங்கள் பலவற்றில் இன்று எழும் வினா இது என்பதால், வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

முன்னாளில் திரைப்படம் பார்ப்பதற்குச் சில தடைகள் இருந்தன. ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை இருக்கும். படப்பெட்டி வந்து சேர வேண்டும். பெரியோர் இசைவு வேண்டும். படம் முடிந்தபின் இருளில் வீடு நோக்கி நடக்க வேண்டும். அந்த நடையில் மனத்தின் கொதிப்புப் பாதி அடங்கிவிடும். இன்று கொட்டகை படுக்கையறைக்கே வந்துவிட்டது. ஓடிடி என்று எல்லோரும் வழங்கும் இணையச் சேவையில், ஒரு தொடரின் ஒரு பகுதி முடிந்ததும் சில நொடிகளில் அடுத்த பகுதி தானே தொடங்குகிறது. எழுந்து செல்வதற்குத்தான் இப்போது முயற்சி வேண்டியிருக்கிறது.

நம் சமயம் இம்சையைக் கையின் செயலாக மட்டும் கருதுவதில்லை. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றும் வினைக்கு வாயில்கள். அவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும். உள்ளத்தில் விருப்பு வெறுப்புகள் தோன்றுவதே இம்சை என்று புருஷார்த்த சித்யுபாயத்தில் அமிர்தசந்திரர் வரையறுக்கிறார். பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றப்பெறும் குந்தகுந்தாச்சாரியார், பாவபாகுடத்தில் ஒரு சிறு மீனை எடுத்துக்காட்டுகிறார். பெருமீன் ஒன்றின் செவியில் நெல்லரிசி அளவே உடைய அம்மீன் வாழ்கிறது என்று அக்கதையைப் பெரியோர் விரித்துரைப்பர். பெருமீன் வாய் திறந்து உறங்குகையில் எண்ணற்ற மீன்கள் உள்ளே புகுந்து வெளியேறுகின்றன. "இந்த வாய் எனக்கு இருந்தால் ஒன்றையும் தப்பவிடேனே!" என்று சிறுமீன் ஏங்குகிறது. அது ஒன்றையும் தின்னவில்லை. பார்த்தது, விரும்பியது, அவ்வளவே. ஆயினும் ஏழாம் நரகம் எய்தியது. "பார்க்கத்தானே செய்கிறேன்" என்னும் வாதத்தை இம்மீனும் சொல்லியிருக்கக்கூடும்.

இல்லறத்தார்க்கு விதித்த அனர்த்ததண்ட விரதத்தில் விலக்கத்தக்கன ஐந்து என்பார் சமந்தபத்திரர். அவற்றுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கவை. வெறுப்பினாலோ பற்றினாலோ பிறர்க்குக் கொலையும் கட்டும் வெட்டும் நேர வேண்டுமென்று நினைப்பது அபத்தியானம். விருப்பு, வெறுப்பு, செருக்கு, காமம் முதலியவற்றால் மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்பது துச்சுருதி. அவருடைய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தின் வழிவந்த அருங்கலச்செப்பு நம் தமிழிலேயே உள்ளது.

இதைக் கொண்டு தந்தையார் பக்கமே தீர்ப்பு என்று முடித்துவிடலாகாது. கலையை வெறுத்த மரபன்று நம்முடையது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் தூண்களில் ஆடல் மகளிரைத் தீட்டியவர்கள் நம்மவர்களே. திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பர் 1387–88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்கினால், ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோர் வரலாறுகள் வரிசை வரிசையான காட்சிகளாக விரியக் காண்கிறோம். துறவியாகிய திருத்தக்கதேவர், எட்டு மணங்களை இன்பச் சுவை ததும்பப் பாடிச் சீவகனைத் துறவில் கொண்டு சேர்த்தார். எனவே எதைப் பார்த்தோம் என்பதோடு வினா நின்றுவிடாது. பார்க்கும்போது உள்ளத்தின் பரிணாமம் எவ்வாறு இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

ஆகவே அவ்விளைஞரிடம் ஒன்று வேண்டினோம். ஒரு வாரம் வழக்கம்போலவே பாருங்கள். பார்த்தவற்றையும், பார்த்து முடித்தபோது மனம் இருந்த நிலையையும் குறித்துத் தாருங்கள் என்றோம். அவரும் ஒளிக்காமல் எழுதித் தந்தார். அவர் இசைவோடு அதனைச் சுருக்கித் தருகிறோம்.

திங்களன்று ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). அதில் நாகேஷ் திகில் கதை சொல்ல, பாலையா நடுநடுங்கும் காட்சி பலரும் அறிந்தது. அவர் முன்னே பேயும் இல்லை, பிணமும் இல்லை. மகனின் குரலும் கையசைவுமே உள்ளன. அவர் நடுங்குவதைக் கண்டு நாம் நகைக்கிறோம். செவ்வாயன்று ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960). குளியலறைக் கொலையில் ஓடும் குருதி உண்மையில் சாக்லேட் பாகு என்பது அவ்விளைஞருக்குத் தெரியும். ஆயினும் அன்றிரவு குளியலறைக் கதவை இருமுறை திறந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். நேற்று பாலையாவைக் கண்டு சிரித்தவர் இன்று பாலையாவாகிவிட்டார். "படம் பொய்தானே" என்னும் சமாதானம் இங்கே நிலைகுலைகிறது. திரையில் ஓடிய குருதி பொய். நெஞ்சில் எழுந்த அச்சம் மெய். வினை பற்றுவது இரண்டாவதைக் கொண்டே.

சாரித்திர மோகனீயத்தில் நோகஷாயங்கள் ஒன்பது என்று நம் பிள்ளைகள் பாடசாலையில் ஒப்பிப்பதுண்டு. நகை, விருப்பு, விருப்பின்மை, சோகம், அச்சம், அருவருப்பு, வேதங்கள் மூன்று என்பன அவை. திரைப்படங்களை நகைச்சுவைப் படம், காதல் படம், சோகப் படம், திகில் படம் என்று வகைப்படுத்துவதை இப்பட்டியலோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கிறது. பலவகைப் படம் பார்த்தேன் என்று மகிழ்பவர் நோகஷாயங்களை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்தவரே ஆகிறார்.

புதனன்று 'பாசமலர்' (1961). சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்த படம். கண்ணீர் விட்டு அழுததாக எழுதிய அவர், அடுத்த வரியில் எழுதியிருப்பது இது: "படம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா தொலைபேசியில் அழைத்தாள். எடுக்கவில்லை. மறுநாளும் மறந்துவிட்டேன்." சோகம் வேறு, கருணை வேறு என்று நம் நூல்கள் ஏன் பிரித்தன என்பது இவ்வரியைப் படித்தபோது நமக்குத் தெளிவாயிற்று.

வியாழனன்று மணிரத்னத்தின் 'நாயகன்' (1987). கொடுமை செய்த காவல் ஆய்வாளரை வேலு அடித்துக் கொல்லும் இடத்தில் தாம் கைமுட்டியை இறுக்கிக்கொண்டு, "நன்றாக வேண்டும்!" என்று வாய்விட்டுக் கூறியதாக எழுதியுள்ளார். உடன்படுதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. மனமும் மொழியும் மெய்யும் மூன்றும் சேர்ந்துவிட்டன. ஆனால் அப்படம் அங்கே முடியவில்லை. கொல்லப்பட்டவரின் மகனே இறுதியில் வேலுவைச் சுட்டு வீழ்த்துகிறான். வினை விதைத்தவனைத் தேடி வருவதை இயக்குநர் காட்டிவிட்டார். பார்த்தவரோ கொலைக்குக் கொடுத்த உடன்பாட்டை அதன் பயனைக் கண்டபின்னும் திரும்பப் பெறவில்லை. குறை படத்தில் இல்லை.

வெள்ளியிரவு பல பகுதிகள் கொண்ட குற்றத் தொடர் ஒன்று. ஒன்று முடிய ஒன்று தானே தொடங்க, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் நிறுத்தினார். அப்போது மடியில் இருந்த முறுக்குப் பொட்டலம் காலியாகக் கிடந்தது. எப்போது பிரித்தார், எப்போது தின்றார் என்பது அவருக்கே தெரியவில்லை. சிறுவயது முதல் காத்துவந்த இரவுண்ணாமை இவ்வாறு முறிந்தது. ஆசையால் முறித்திருந்தால்கூட இவ்வளவு வருந்தியிருக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அன்று தந்தையாரிடம் இதை அவர் சொல்லவில்லை.

சனியன்று குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950). ஒரு சாமுராயின் சாவைப் பற்றி நால்வர் நான்கு விதமாகக் கூறுகின்றனர். இதுவே அநேகாந்தவாதம் என்று அவர் மகிழ்ந்து எழுதியிருந்தார். நாம் சற்று மாறுபடுகிறோம். அநேகாந்தம் என்பது ஒரு பொருளுக்கு உண்மையாகவே உள்ள பல தன்மைகளைப் பல நோக்கில் ஏற்பது. அப்படத்தில் கள்வனும், மனைவியும், ஊடகப் பெண்ணின் வாயிலாகப் பேசும் இறந்தவனும் தத்தம் மதிப்பைக் காக்கும்படி நிகழ்ச்சியைத் திரிக்கின்றனர். அது மானகஷாயத்தின் வேலை. பல கூற்றுகள் இருப்பதனாலேயே எல்லாம் உண்மையாகிவிடா. இதை எண்ண வைத்த அளவில் அப்படம் துச்சுருதி ஆகாது என்பது நம் கருத்து.

ஞாயிறு பிற்பகல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). தந்தையாரும் அருகில் அமர்ந்தார். துர்க்கை என்னும் சிறுமி மணிமாலையைத் திருடியதாகப் பழி சுமக்கிறாள், எடுக்கவில்லை என்கிறாள், பின்னர் காய்ச்சலில் இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படுகையில் அம்மாலை தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் எவரிடமும் சொல்லாமல் அதனைக் குளத்தில் எறிந்துவிடுகிறான். விலகிய பாசி மெல்ல மூடிக்கொள்கிறது. படம் முடிந்ததும் அடுத்த படத்தின் பெயர் திரையில் தோன்றுமுன் மகன் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகன் அக்காளை அழைத்துப் பேசினார். வெள்ளியிரவு நடந்ததையும் தந்தையாரிடம் சொன்னார். சினிமாவே பாவம் என்ற பெரியவர் அன்று எதுவும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஸ்ரீபுராணம் கூறும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். ஆதிபகவன் அரசராக வீற்றிருந்த அவையில் நீலாஞ்சனை என்னும் தேவமங்கை ஆடினாள். ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த அவளை இந்திரனே அனுப்பியிருந்தான். ஆட்டத்தின் நடுவே அவள் ஆயுள் முடிந்து மின்னலென மறைந்தாள். சுவை கெடாதிருக்க இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்தினான். தாளம் தப்பவில்லை. அவையோர் எவரும் அறியவில்லை. பகவன் ஒருவரே அறிந்தார். அந்த அறிவு வைராக்கியமாயிற்று.

அரிசி மீனும் பார்த்தது, ஆதிபகவனும் பார்த்தார். இருவரும் கை அசைக்கவில்லை. ஒருவர்க்கு அது வினையைக் கட்டிற்று; ஒருவர்க்கு வினையை அறுக்கும் வாயிலாயிற்று. பகவன் ஆடலை வெறுத்துக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதை மறக்கலாகாது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிய இடத்தை அவர் தவறவிடவில்லை. சுவை கெடாதிருக்க அந்த இடத்தை மறைப்பதையே இன்றைய கருவிகளும் செய்கின்றன. வெள்ளியிரவு அது மறைந்தது, விரதமும் உடன் போயிற்று. ஞாயிறன்று ஒருவர் கை நீட்டி அதனைத் திறந்துவைத்தார்.

"நான் சாட்சியாக மட்டுமே பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுவதும் எளிது. நாவலூரிலிருந்து அதே சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரப் பெருஞ்சிற்பத்தில், எலிகள் சூழ நின்று தவம் செய்யும் பூனை ஒன்றைக் காணலாம். நம் சாட்சிநிலை அப்பூனையின் தவமாகிவிடக் கூடாது. அதைச் சோதிக்க வழி ஒன்று உண்டு. பொய்த்தவத்தைக் கலைக்கச் சிறிது வெறுமை போதும்.

ஆகவே நம் இளைஞர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது பெரிதன்று. சாமாயிகத்திற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், வகுத்தனர் பெரியோர். ஆறு நாழிகைப் படம் பார்ப்பவர், முடிந்தபின் கால் நாழிகையேனும், ஆறு நிமிடம், திரையை அணைத்து வாளா அமரலாம். எந்தக் கஷாயம் எழுந்தது, எவருடைய துன்பத்திற்கு உடன்பட்டோம் என்று எண்ணிப் பார்க்கலாம். அதுவே சிறு பிரதிக்கிரமணம். போகோபபோகப் பரிமாணத்தில் வாழ்நாள் முழுவதற்குமான யமமும் உண்டு, கால வரையறை உடைய நியமமும் உண்டு. வாரத்திற்கு இத்தனை என்று ஒரு மாதத்திற்கு நியமம் கொள்வது எவர்க்கும் இயலும். தானே தொடங்கும் ஏற்பாட்டை நிறுத்திவைப்பதும் நம் கையிலேயே உள்ளது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அறைக்கு வெளியே நின்று கடிந்துகொள்வதினும், ஒரு படத்திற்கேனும் உள்ளே சென்று அருகில் அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் உடனே எழுந்துவிடாதீர்கள்.