ஐயமும் ஆப்தவாக்கும்

அரசினர் ஆணை பிறக்குங்கால் அதனை ஆராயாது ஏற்றல் குடிகட்கு அறமாமோ, அன்றி ஐயுற்று வினாவுதல் அறமாமோ என்பது கொள்ளைநோய் தோன்றுங் காலங்களிலெல்லாம் எழும் ஒரு வினா. 2020ஆம் ஆண்டு முதலாகப் பரவிய கொவிட் நோயின்போது கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டங்களிலும் இவ்வினா வீட்டுக்கு வீடு எழுந்தது. நோய் தணிந்தது, வினா தணிந்திலது. ஊரார் இத்தகைய ஐயங்களை முதற்கண் கொணர்வது பாடசாலை ஆசிரியரிடத்தேயாதலின், சைவாசிரியர்கள் இதனை முறைப்படி ஆராய்ந்துகொள்ளுதல் நலம்.

இவ்வாராய்ச்சிக்குரிய கருவியை நாம் பிறரிடம் இரவலாகப் பெற வேண்டுவதில்லை. காட்சி, கருதல், உரை என அளவை மூன்று என்பதும், காட்சியைக் கெடுக்குங் குற்றங்களுள் ஐயமும் திரிபும் அடங்கும் என்பதும் சித்தாந்தம் பயில்வார் தொடக்கத்திலேயே கற்பன. அந்தியில் நிற்பதொன்றைக் கட்டையோ மனிதனோ எனத் துணியாது நிற்றல் ஐயம். கட்டையையே மனிதன் எனத் துணிந்துவிடுதல் திரிபு. ஐயமுற்றவன் இன்னும் அணுகிப் பார்ப்பான். திரிபுற்றவன் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுவான். இரண்டும் குற்றமேயாயினும், ஒன்று அறிவின் வாயிலில் நிற்பது, மற்றொன்று அவ்வாயிலை அடைப்பது. இனி, உரையளவை எல்லார் உரையும் அன்று, ஆப்தன் உரையே. உள்ளதை அறிந்து, அறிந்தவாறே உரைப்பவன் ஆப்தன். ஆகவே நம் வினா, நோய்க்காலத்தில் அரசின் வாக்கு எந்நிலையில் ஆப்தவாக்காம், எந்நிலையில் ஆகாது என்னும் வினாவாய் முடிகின்றது.

நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 2020 மார்ச் 20ஆந் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் கண்டி மாவட்டத்து அக்குறணை நோய் காரணமாக அடைக்கப்பட்டது. அவ்வாண்டும் 2021ஆம் ஆண்டும் கண்டி எசல பெரஹரா வீதியிற் காண்போர் கூட்டமின்றியே நடந்தேறியது. ஆண்டுதோறும் பல்லாயிரவர் திரளும் விழாவை மக்கள் காணாது அடங்கியிருந்தனர். கூட்டத்தில் தொற்றும் நோய்க்குக் கூட்டம் தவிர்த்தலே காப்பு என்பது சிறுவர்க்கும் விளங்குவது. காட்சியும் கருதலும் ஆணையோடு ஒத்துநின்றமையால் ஆணை ஏற்கப்பட்டது. மக்கள் இயல்பாகவே அடங்காதவர் என்று கூறுவார்க்கு இது மறுப்பாகும்.

மற்றொன்று வேறுவகையாயிற்று. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைச் சட்டத்தின்கீழ், 2020 ஏப்பிரலில் வெளியான வர்த்தமானி, நோயால் இறந்தார் யாவரையும் தகனஞ் செய்தே ஆகவேண்டும் என விதித்தது. புதைத்தலும் எரித்தலும் இரண்டும் ஆகும் என உலக சுகாதார நிறுவனம் முன்னரே கூறியிருந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பதே இங்குக் கூறப்பட்ட காரணம். அதற்குத் தக்க சான்று காட்டப்படவில்லை. உயர்நீதிமன்றத்திற் கொடுக்கப்பட்ட மனுக்கள் 2020 டிசெம்பரில் தள்ளப்பட்டன. அம்மாதமே பிறந்து 20 நாளேயான முஸ்லிம் மகவொன்று பொரளை மயானத்தில் எரிக்கப்பட, மக்கள் மயான வேலியில் வெண்டுகில் முடிந்து தம் துயரைத் தெரிவித்தனர். இலங்கை மருத்துவச் சங்கம் புதைத்தலால் தீங்கில்லை என்று கூறிய பின்னும், 2021 பெப்ரவரியின் இறுதியிலேயே அவ்விதி தளர்ந்தது. அதன்பின் ஓட்டமாவடியில் நல்லடக்கம் நிகழ்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

சைவர் பெரும்பாலும் எரிப்பவராதலின் இவ்விதி நம்மவரைச் சுட்டதில்லை எனச் சிலர் கூறுவர். தன்னைச் சுடாத விதிக்குப் பணிதல் பணிவென்னும் பெயர்க்கு உரியதாகாது. அது வெறும் எளிமை. நம்முள்ளும் குழந்தைகளையும் துறவிகளையும் நிலத்தில் அடக்குதல் வழக்காயிருக்க, இறுதிக்கடன் என்பது ஒருவர்க்கு எத்துணை அரிது என்பதை நாம் அறியாதாரல்லேம். பிறர் கடனைத் தடுக்கும் ஆணைக்குக் காரணம் வினாவுதல் நமக்கும் உரிய கடமையே.

2020 டிசெம்பரிலேயே கண்டி வீதியில் உள்ள கேகாலைப் பக்கத்தில் மற்றொரு காட்சி. நோயைத் தீர்ப்பதாகச் சொல்லப்பட்ட பாணியொன்றைப் பெறுதற்கு ஆயிரக்கணக்கானோர் இடைவெளியின்றி நெருங்கி நின்றனர். சுகாதார அமைச்சரே அதனை யாவருங் காண அருந்தினார். அடுத்த மாதத்தில் அவரும் நோய்வாய்ப்பட்டார். ஒரு கையால் சான்றில்லாத பாணியை ஏந்தி, மறு கையால் சான்றில்லாத தகன விதியை நீட்டிய அரசு, பின்னர்ச் சான்றுள்ள தடுப்பூசியை நீட்டியபோது மக்களுட் சிலர் தயங்கினர் எனின், அத்தயக்கத்திற்கு வித்திட்டவர் யார்?

தோட்டங்களில் இத்தயக்கத்திற்குப் பழைய வேரும் உண்டு. இந்நாட்டுக்கு வந்த தொழிலாளர் ஒருகாலத்தில் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டே கப்பலேறினர். அங்கு மருத்துவம் வேலைக்கு ஆள் தேர்தலோடு பிணைந்திருந்தது. ஓரறையில் ஒரு குடும்பம் உறையும் லயத்தில், ஒருவருக்கொருவர் விலகியிருக்க என்னும் ஆணை நகைப்புக்கிடமாதலும் இயல்பே. ஆயினும் ஐயத்தின் காரணத்தை அறிதல் வேறு, அதன் முடிவை ஏற்றல் வேறு. ஊசியால் மகப்பேறு கெடும் என்னும் வதந்தி பல நாடுகளிலும் உலவியது. அது ஐயமன்று, திரிபேயாம். அரசு ஒன்றிற் பொய்த்தது, ஆதலின் எல்லாவற்றிலும் பொய்க்கும் என்பது வழுவுள்ள அனுமானம். ஊசியின் மெய்ம்மை அமைச்சர் வாக்கை நம்பி நின்றதன்று. பல நாட்டு மருத்துவர் சோதித்துக் கண்டதை நம்பி நின்றது.

மக்கள் ஐயம் எப்போதும் கட்டுப்பாட்டை வெறுப்பதுமன்று. 2021 ஓகஸ்டில் நாள்தோறும் இறப்போர் தொகை 200ஐ நெருங்கிய வேளையில், நாட்டை அடைக்க அரசு பின்னின்றது. அப்போது மருத்துவரும் கண்டி மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களும் அடைக்கவே வேண்டினர். அம்மாதம் 20ஆந் திகதி ஊரடங்கு வந்தது.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழும். நோய் விரைந்து பரவுகையில் ஒவ்வொருவரும் ஆராயப் புகின் ஊர் அழியாதோ என்பர். அது மெய்யே. ஆதலின் இரு திறத்தார்க்கும் முறை வேண்டும். ஆணையிடுவோர் காரணத்தைக் கூறுக. அறியாததை அறியோம் என்க. மாறான சான்று வரின் விரைந்து திருந்துக. தமக்கு ஒரு விதி குடிக்கு ஒரு விதி எனக் கொள்ளாதொழிக. இந்நான்கும் உள்ள வாக்கே ஆப்தவாக்கை ஒக்கும். ஐயுறுவோரும் தம்மைத் தாமே வினவுக: எச்சான்று வந்தால் என் ஐயம் நீங்கும்? ஒன்றாலும் நீங்காது எனின் அஃது ஐயமன்று. விடை காணுமளவும், தவறின் பிறர்க்குக் கேடு விளையாத வழியிலே நிற்க. முகக்கவசத்தை ஐயுறுபவன் அதனை அணிந்துகொண்டே ஐயுறலாம். அணியாது ஐயுறின் அதன் பயனை அயலான் அனுபவிப்பான்.

திருநீறு இருக்க ஊசி எற்றுக்கு என வினாவுவாரும் உளர். புள்ளிருக்குவேளூரில் இறைவனை வைத்தியநாதன் என்றே வழிபடும் சமயம் நம்முடையது. மருந்தை வெறுத்தல் அதன் கொள்கையாகாது. திருச்செங்கோட்டில் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் வருத்தியபோது திருஞானசம்பந்தர் தமக்கென்று வேண்டாது அனைவர்க்குமாகத் திருநீலகண்டப் பதிகம் அருளினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. நோய்க்காலத்தில் தன்னலம் தனியே நில்லாது என்பது அதனாற் பெறப்படும்.

ஆசிரியர்களே! அரசின் முரசாதலும் வேண்டா, வதந்தியின் முரசாதலும் வேண்டா. அளவைப் பாடத்தை நூலோடு நிறுத்தாது, செய்தித்தாளையும் கைத்தொலைபேசியில் வருஞ் செய்தியையும் எடுத்து, இதனைச் சொன்னவர் யார், எங்ஙனம் அறிந்தார், மாறாகச் சொல்வார் யார் என மாணாக்கரைக் கொண்டே வினாவச் செய்யுங்கள். அடுத்த கொள்ளைநோய் வருங்கால் ஆணையிடும் இருக்கையில் அமர்வாரும், ஆணை கேட்கும் லயத்தில் இருப்பாரும் இன்று நும் வகுப்பில் உள்ள பிள்ளைகளே.