பிள்ளை யாரிடம் சொல்லும்?



2015-இல் வந்த 'பாபநாசம்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மலையாள 'திருஷ்யம்' கதைதான் அது. இங்கே இலங்கையிலும் செய்யாறு ரவி இயக்கி, ஜாக்சன் அந்தனி நடித்து, 2017-இல் 'தர்மயுத்தய' என்று சிங்களத்தில் வந்தது. ஒரு பெண்பிள்ளையைக் களவாகப் படம் எடுத்து மிரட்டியவன், தாயும் மகளும் தடுக்கப்போன இடத்தில் இறந்துபோகிறான். தகப்பன் மறைக்கிறான். அந்தப் பிள்ளையில் குற்றம் காண எவருக்கும் மனம் வராது. ஆனால் பொலிஸ் அடிக்கிறபோது அந்த இரகசியத்தைத் தாங்கவேண்டியிருந்தது யார்? வீட்டின் கடைக்குட்டி. தகப்பனின் கெட்டித்தனத்துக்குக் கைதட்டுகிறோம். பிள்ளைகளுக்கு நித்திரை வந்ததா என்று நாம் கேட்பதில்லை.

இப்படி இரகசியம் சுமந்த இன்னொரு பிள்ளை, மகாபாரதக் குந்தியைப் பாருங்கள். பெற்ற தகப்பன் சிறு வயதிலேயே குந்திபோஜனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டான். வளர்த்த வீட்டில் நல்ல பேர் எடுத்த பிள்ளை. துர்வாசர் தந்த மந்திரம் பலிக்குமோ என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தாள்; கர்ணன் பிறந்தான். யாரிடம் போய்ச் சொல்வாள்? பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். அறியாப் பருவம், அதை விடுவோம்.

பிறகு நடந்ததுதான் பெரிது. அத்தினாபுரத்தில் வித்தை அரங்கேற்றம். அருச்சுனனுக்கு எதிரே ஒரு வாலிபன் வந்து நிற்கிறான். கவச குண்டலத்தைக் கண்டதும் தன் மகன் என்று அறிந்த குந்தி மயங்கி விழுகிறாள். விதுரர் சந்தன நீர் தெளிப்பித்து எழுப்புகிறார். அப்போது கிருபர் கேட்கிறார்: "உன் தாய் தந்தையர் யார்? உன் குலம் எது?" கர்ணன் தலை குனிகிறான். விடை தெரிந்தவள் அதே சபையில் இருக்கிறாள்; வாய் திறக்கவில்லை. சனம் என்ன கதைக்கும் என்ற பயம். அந்த இடத்தில்தான் துரியோதனன் கர்ணனை அங்கதேசத்து அரசனாக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். போர் முடிந்து நீர்க்கடன் செய்கிற நேரத்தில் சொன்னாள்: "அவனுக்கும் நீர் விடுங்கள், உங்கள் மூத்தவன்." தருமர் கதறினார். சபையறியச் சொன்னாள்தான், ஆனால் அதைக் கேட்கவேண்டியவன் உயிரோடு இல்லை.

நேரத்தோடு சொன்ன பிள்ளையையும் பாருங்கள். காந்தியடிகள் தம் 15 வயதில், அண்ணன் பட்ட கடனைத் தீர்க்க, அவருடைய கைக்காப்பிலிருந்து துளித் தங்கம் களவெடுத்தார். கடன் தீர்ந்தது, மனப்பாரம் தீரவில்லை. வாயால் சொல்லத் துணிவின்றி, தண்டனையும் கேட்டுத் தகப்பனுக்கு எழுதிக் கொடுத்தார். நோயாகப் பலகையில் படுத்திருந்த தகப்பன் கரம்சந்த் எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் கடதாசியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்தார்; மறுபடி படுத்துக்கொண்டார். ஏச்சுமில்லை, அடியுமில்லை.

இன்று கொழும்பு வெள்ளவத்தையில் ரியூசனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற பிள்ளைகளில், நல்ல பிள்ளை என்று பேர் எடுத்த பிள்ளைக்குத்தான் வாய் திறக்கப் பயம் அதிகம். அந்தப் பேர் போய்விடுமே என்று உள்ளே புழுங்கும். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதியில் நின்று சொல்லி அழலாம், இறைவன் கேட்பான். ஆனால் இழப்பு யாருக்கோ, அவரிடமும் போய்ச் சொன்னால்தான் அந்த வழிபாடு நிறைவேறும்.

பெற்றோரே, பிள்ளை சொல்ல வரும்போது கையை ஓங்காதீர்கள். ஆட்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மூடியும் வையாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். பிழை பிள்ளையில் இல்லையென்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள். பிழை இருந்தால் கையைப் பிடித்து உரியவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அர்ச்சனையை அதற்குப் பிறகு செய்யலாம்.

திருச்சிற்றம்பலம்.