கல்லென்று புகழ்வது நியாயமா?

"அவளுக்கென்ன, கல்லைப் போன்றவள், எதையும் தாங்குவாள்" என்று சில பெண்மணிகளைப் பற்றி நாம் சொல்வதுண்டு. புகழ்ச்சியாகத்தான் சொல்கிறோம். ஆனால், அப்படிச் சொல்லி முடித்த பிறகு அவளைப் பற்றி விசாரிக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. அப்படியானால் இது புகழ்ச்சிதானா, அல்லது கடமையிலிருந்து நழுவுவதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழியா? இம்முறை இக்கேள்வியைச் சற்று யோசித்துப் பார்க்க விரும்புகிறோம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவில் உள்ளது. அங்கேதான் இவ்விஷயம் வைத்தியர்களின் ஏடுகளிலும் சர்க்காரின் கணக்குகளிலும் ஏறி, நீண்ட காலமாக வாதிக்கப்பட்டு வருகிறது.

வெள்ளையரல்லாத பெண்கள் யாவரையும் சேர்த்து 'நிற மாதர்' என்று குறிப்பிடும் வழக்கம் அந்நாட்டில் 1970களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. அவர்களுள் கறுப்பின மாதரைப் பற்றியே இங்கு அதிகமாகப் பேசப் போகிறோம். விஷயம் மனச்சோர்வு நோய். ஒருநாள் இருநாள் துக்கத்தை யாரும் நோய் என்று சொல்வதில்லை. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆசையற்று, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற நினைப்பு நெஞ்சிலேயே குடியேறிவிடும் நிலையைத்தான் வைத்தியர்கள் நோய் என்கிறார்கள். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது.

இந்நோயை இரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேள்விகள் கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் இட்டு, கூட்டிப் பார்க்கிறார்கள். 1977இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பட்டியலில் 20 கேள்விகள் உண்டு, மொத்தம் 60, 16ஐ எட்டினால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். 2001இல் வெளியான மற்றொன்றில் 9 கேள்விகள்தாம், மொத்தம் 27, 10 எல்லை. இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் இவை புழங்குகின்றன.

நிறுத்து விற்கிற நமக்கு இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயற்கை. இந்த நாட்டில் நாம் புழங்கிய பழைய 'கட்டி' ஏறத்தாழ 605 கிராம். சீனத்துக் கட்டியோ 500 கிராம். பெயர் ஒன்று, நிறை வேறு. ஒருவர் கல்லைக் கொண்டு மற்றவர் சரக்கை நிறுத்தால் யாரும் பொய் சொல்லாமலே கணக்குப் பொய்யாகிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. 20 கேள்விப் பட்டியலில் 'மக்கள் என்னிடம் சிநேகமாக இல்லை' என்று ஒன்றும், 'மக்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்று மற்றொன்றும் இருக்கின்றன. நியூ ஹேவன் நகரின் முதியோரிடம் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2000இல் வெளிவந்தது. மனச்சோர்வு ஒரே அளவில் இருக்கும்போதும், கறுப்பினத்தவர் அவ்விரு கேள்விகளுக்கும் வெள்ளையரைவிட மிகுதியாக 'ஆம்' என்றார்கள். 'அழுகை வருகிறதா' என்ற கேள்விக்கு ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக 'ஆம்' என்றார்கள். சிந்தித்துப் பாருங்கள். கடைக்குள் நுழைந்தால் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் ஒரு முதிய மாது 'மக்கள் என்னிடம் சிநேகமாக இல்லை' என்று சொன்னால், அது அவளுடைய நோயா, அந்தத் தெருவின் நோயா? அவள் உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பட்டியல் அவள் கணக்கில் மதிப்பெண் ஏற்றிவிடுகிறது.

அந்நாட்டில் இதைவிடப் பெரிய கணக்குப் பிழையும் நடந்திருக்கிறது. 1840ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கில், விடுதலை பெற்று வடக்கே வாழும் கறுப்பினத்தவரிடையே பைத்தியம் மிக அதிகம் என்றும், தெற்கே அடிமைகளாக இருப்பவரிடையே மிகக் குறைவு என்றும் வந்தது. "பார்த்தீர்களா, சுதந்திரம் இவர்களுக்கு ஆகாது" என்று 1844இல் அமெரிக்க மந்திரி ஜான் கல்ஹூன் அக்கணக்கைக் காட்டியே அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினார். எட்வர்ட் ஜார்விஸ் என்னும் வைத்தியர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கறுப்பினத்தவர்கூட வசிக்காத ஊர்களில் கறுப்பினப் பைத்தியங்கள் பதிவாகியிருந்தன! வொர்ஸ்டர் நகரில் மொத்தக் கறுப்பினத்தவர் 151 பேர். அவர்களுள் 133 பேர் பைத்தியம் என்று எழுதியிருந்தது. அந்த 133 பேரும் அவ்வூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நோயாளிகள். தவறு பட்டப்பகலாக வெளிப்பட்ட பிறகும் சர்க்கார் அக்கணக்கைத் திருத்தவில்லை. நம் கடைக் கணக்கப்பிள்ளை இப்படி ஒரு பற்றை வேறொருவர் பேரில் எழுதியிருந்தால் மறுநாளே நாம் அவரை என்ன செய்திருப்போம் என்று சொல்லத் தேவையில்லை.

பதினொரு வருடம் கழித்து, 1851இல், லூயிசியானாவின் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் வைத்தியர், எஜமானிடமிருந்து அடிமை தப்பியோடுவதே ஒரு மனோவியாதி என்று எழுதி, அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். இத்தகைய சரித்திரத்தைப் பாட்டியிடமிருந்து பேத்தி கேட்டு வளர்ந்த ஒரு சமுதாயத்தில், வைத்தியரின் முன்னே ஒரு பெண் மனம் திறக்கத் தயங்குவதில் வியப்பென்ன? திறந்தாலும் சரியாகப் படிக்கப்படுவாள் என்பது நிச்சயமில்லை. மனச்சோர்வோ, களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் நோயோ உள்ள கறுப்பினத்தவரை, அதனினும் கடுமையான மனச்சிதைவு நோய் என்று தவறாக எழுதிவிடும் போக்கைப் பல ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் இந்தப் பட்டியல்களையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பதே நம் அபிப்பிராயம். கல் சரியில்லை என்பதற்காகக் கைமதிப்பில் வியாபாரம் செய்வோமா? ஒழுங்காக எடுத்த கணக்குத்தான் மறைந்திருந்த ஒன்றை வெளியே கொண்டுவந்தது. 2001 முதல் 2003 வரை நடத்தப்பெற்று 2007இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வு அடைந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 17.9 பேர், ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4 பேர். இது ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்த கணக்கு. இத்தோடு நிறுத்தினால் "அவர்கள் கல்தான்" என்று நாமும் சொல்லிவிடுவோம். அடுத்த வரியைப் படிக்க வேண்டும். நோய் கண்டவர்களில் அது விடாமல் நீடித்தது வெள்ளையரில் நூற்றுக்கு 39 பேருக்கும் குறைவு. கறுப்பினத்தவரில் 56 பேர். அவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே சிகிச்சை பெற்றார்கள்.

தாங்குகிறார்கள், உண்மை. ஆனால் தாங்க முடியாமற் போனவர்களை யாரும் வந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு விடை 2010இல் கிடைத்தது. ஷெரில் வுட்ஸ் ஜிஸ்கோம்பே என்னும் கறுப்பின ஆராய்ச்சியாளர் தம் இனத்துப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசவிட்டார். எப்போதும் பலசாலியாகக் காட்சி தர வேண்டும், உணர்ச்சியை வெளிக்காட்டக் கூடாது, பிறர் தயவில் நிற்கக் கூடாது, கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் முன்னேறியாக வேண்டும், தன்னைவிடப் பிறரையே முதலில் கவனிக்க வேண்டும் என்று அப்பெண்கள் தங்கள்மேல் சுமந்திருந்த ஐந்து சுமைகளை அவர் எழுதினார். இதில் நேர்மையான பகுதி என்னவென்றால், இக்குணம் தங்கள் குடும்பத்தையும் சமுதாயத்தையும் காப்பாற்றியது என்றும் அப்பெண்களே சொன்னார்கள். தங்கள் உடலையும் உறக்கத்தையும் தின்றது என்றும் அவர்களே சொன்னார்கள். இரண்டையும் ஒருசேரக் கேட்க நமக்குச் செவி வேண்டும்.

"பொறுமை உயர்ந்த குணமன்றோ? அதைக் குறை சொல்லலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்கக்கூடும். குறை சொல்லவில்லை. சபூர் என்பது துன்பப்படுகிறவர் தாமே மனமுவந்து மேற்கொள்ளும் குணம். பக்கத்தில் நிற்பவர் அதை அவர் தலையில் ஏற்றிவைத்தால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. மேலும், பொறுமைக்கு உதாரணமாக நாம் ஓதும் யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரால் கண்பார்வை போகும்வரை துக்கித்தவர்கள். அத்துக்கம் அவர்களுடைய சபூருக்குக் குறையென்று எவரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள் அழுதால் மட்டும் குறையாகிவிடுமா?

சரியான கல்லைக் கொண்டு நிறுப்பது எப்படி என்பதற்கு ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள ஷோனா மொழி பேசுவோர் இந்த வேதனையை 'குஃபுங்கிசிசா' என்பர். மிதமிஞ்சி யோசித்தல் என்று பொருள். அச்சொல்லையும் அது போன்ற பிற ஷோனா வழக்குகளையும் வைத்தே 14 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை 1990களில் தயாரித்தார்கள். 2006இல் டிக்சன் சிபாண்டா என்னும் வைத்தியர், ஹராரே நகரின் சுகாதார நிலையங்களைச் சேர்ந்த 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவளிடம் பாட்டி அந்த 14 கேள்விகளைக் கேட்பாள். பிறகு அவள் கதையைக் கேட்பாள். முதலில் 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தபோது அதில் உட்கார ஆள் வரவில்லை. பாட்டிமார்தாம் 'சிநேக பெஞ்சு' என்று மாற்றச் சொன்னார்கள். 573 பேரிடம் நடத்திய சோதனை 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதத்திற்குப் பின், பெஞ்சில் அமர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேரிடம்தான் மனச்சோர்வு காணப்பட்டது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 50 பேரிடம் காணப்பட்டது. பின்னர் அந்தப் பெஞ்சு நியூயார்க் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவையும் எழுதும்போது நம் ஊர்களின் நினைவு வராமலில்லை. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் மனைவி மக்களை விட்டுவிட்டு இங்கே கடை வைத்தவர்கள் நம் முன்னோர். மூன்று வருடத்திற்கு ஒருமுறை, ஐந்து வருடத்திற்கு ஒருமுறை போய் வந்தார்கள். ஊரில் இருந்த நம் உம்மாமார்கள் தனியே பிள்ளை பெற்றார்கள், தனியே மையித்தைப் பார்த்தார்கள், நிலபுலனையும் பங்காளித் தகராறையும் சமாளித்தார்கள். தலைவலி என்றும், நெஞ்சு படபடப்பு என்றும், உறக்கமில்லை என்றும் எப்போதாவது ஒரு வரி எழுதுவித்திருப்பார்கள். அதற்கு இங்கிருந்து கோடரித் தைலம் அனுப்பினோம். மற்றபடி, "இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் தங்கள் சுகத்திற்கு துஆ செய்கிறோம்" என்றே கடிதம் வரும். அந்த வரியை நாம் அப்படியே நம்பிக்கொண்டோம். நம்புவது நமக்கு வசதியாகவும் இருந்தது.

அவர்களில் சிலர் இன்று எண்பதைத் தாண்டி நம்மோடு இந்த அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று இதுவரை நாம் அவர்களைக் கேட்டதில்லை.