மது ஆலையில் மதிக்கு விருந்தா?

கோபன்ஹேகன் நகருக்குச் செல்வோர் பலர், கார்ல்ஸ்பெர்க் மது ஆலையின் பழைய வளாகத்தையும் கண்டு திரும்புகின்றனர். மதுவை வெறுக்கும் நாம் அதன் வாயிலை மிதிக்கலாமா? கேள்வி எளிது, விடை எளிதன்று.

1847இல் யாக்கோப்சன் நிறுவிய ஆலை அது. 1875இல் அங்கே ஆய்வுக்கூடம் எழுந்தது. பீர் கெடுவது ஏன்? விதியென்று விட்டுவிடவில்லை, ஆய்வாளர் ஹான்சன்! வேண்டாத ஈஸ்ட் கலப்பதே காரணமென்று கண்டார். 1883இல் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். யாக்கோப்சனோ அதைப் பெட்டகத்தில் பூட்டவில்லை, போட்டியாளருக்கும் வழங்கினார். 1909இல் சோரன்சன் அங்கே வகுத்த பி.எச். அளவுகோல்தான், இன்று குடிநீரையும் குருதியையும் அளக்கிறது.

மது ஆலையில் பிறந்ததென்று அந்த அளவுகோலை மருத்துவர் வீசியெறிவாரா? மாட்டார். பிறப்பிடம் அறிவுக்கு மாசன்று. அதற்காக, அறிவு பிறந்த இடமென்று கோப்பையைக் கும்பிடுவதா? ஆய்வுக்கூடத்தின் புகழ், குடிகாரன் வீட்டு அடுப்பை எரிய வைக்காதே!

காண்போம், கேட்போம், கற்போம். கோப்பை நீட்டப்பட்டால், அதை மட்டும் மறுப்போம். மதுவை விலக்க மதி வேண்டும்; மதியை விலக்கி மதுவை வெல்ல முடியாது.