கல்லறைக்கு உரியவர் யார்?

வகுப்பில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, புதிய புதைகுழியைத் தோண்டினால் குற்றம், பழைய புதைகுழியைத் தோண்டினால் ஆராய்ச்சி. எத்தனை ஆண்டு கழிந்தால் குற்றம் ஆராய்ச்சியாகும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை.

நீலகிரியின் முகடுகளிலே கல்வட்டங்கள் உண்டு. மாண்டவரின் சாம்பலையும் எலும்புத் துண்டுகளையும் அங்கே பண்டை மக்கள் வைத்துச் சென்றனர். தாழி மூடிகளின்மேல் எருமை முதலிய விலங்குகளின் மண் உருவங்கள். உள்ளே வெண்கலக் கிண்ணம், இரும்புக் கருவி, மணிகள். அம்மாவட்டத்தின் முதல் ஆணையர் பிரீக்ஸ் பல குழிகளைத் திறந்தார். 1872இல் அவர் மறைந்தார். அவர் எழுதியதை 1873இல் துணைவியார் நூலாக வெளியிட்டார். மலையில் கிடைத்த பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்திலும் இலண்டனிலும் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன.

தோண்டியது தவறா? தவறென்று நாம் சொல்லமாட்டோம். மண்வெட்டி இல்லையேல் மண்ணுக்குள் இருக்கும் உண்மை வெளிவராது. கட்டுக்கதையே வரலாறாகக் கொலுவிருக்கும். ஆயின், அறிவுக்காகத் தோண்டுகிறவன் நெஞ்சில் அன்பு வேண்டாமா? தன் பாட்டியின் கல்லறையை அணுகும்போது கால் தயங்குமே, அந்தத் தயக்கம் பிறர் பாட்டியின் கல்லறையருகிலும் வேண்டாமா?

"அழுவதற்கு ஆளில்லாத பிணங்கள்" என்பர் சிலர். ஆளில்லையா? குறும்பர் தம் இறந்தோரின் எலும்பு ஒன்றையும் சிறு உருண்டைக் கல் ஒன்றையும் பழைய கற்றிட்டையில் வைத்தனர் என்றும், அதனைச் 'சாவுமனை' என்றனர் என்றும் எழுதியவர் அதே பிரீக்ஸ்தான். நமக்குப் பாழிடம், அவர்க்கோ உறவின் வீடு! கட்டியவர் எவராயினும், காத்தவர் அவரல்லரோ?

அவர்களைக் காணாத கண், கற்களை மட்டும் கண்டது. 1847இல் எழுதிய காங்கிரீவ் என்னும் படைத்தலைவர், தோடரைத் தொலைதூரச் சிதியரின் வழிவந்தோர் என்றார். எருமை மேய்க்கும் மலைமகனுக்குப் பெருமை தரவேண்டுமானால், முதலில் அவனை அயலானாக்க வேண்டியிருந்தது! ஆளுவோர் அறிவில் படிந்த அழுக்கு அது.

அவரை நகைக்கும் நாம் தூயவர்களா? கல்வட்டத்தைக் கண்டதும் "எம் முன்னோர் படைப்பு!" என்று மார்தட்டுகிறோம். அம்முன்னோரின் உறவினராக இருக்கக்கூடிய இருளரையும் குறும்பரையும் சமவெளித் தெருவில் கண்டால் "காட்டான்" என்கிறோம். கல்லுக்கு மாலை, மனிதனுக்கு ஏளனம்! கல்லை எழுப்பியவர் இன்னார் என்பதில் அறிஞர்களே இன்னும் ஒருமுகப்படவில்லை. சான்றின்றிச் சிதியர்க்குக் கொடுத்தது பிழையெனில், சான்றின்றி நமக்கே எழுதிக்கொள்வதும் பிழைதான்.

நாடும் அவ்வாறே நடந்தது. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904இலேயே பிறந்தது. காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்கும் சட்டமோ 2006இல்தான் பிறந்தது. கல்லுக்கும் மனிதனுக்கும் இடையே 102 ஆண்டுகள்! கல் காத்திருக்கும், வயிறு காத்திருக்குமா?

மாணவனுக்கு இன்று விடை சொல்வோம். தம்பி, ஆண்டுகள் குற்றத்தை ஆராய்ச்சியாக்குவதில்லை. தோண்டுமுன் அம்மலையில் வாழ்வோரைக் கேட்க வேண்டும். தோண்டியபின் கண்டதை அவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டும். எடுத்த பொருளை அவர்தம் பிள்ளைகள் காணும் தொலைவில் வைக்க வேண்டும். அவர்களை வழிகாட்டிகளாக மட்டுமன்றி, வரலாற்றின் பங்காளிகளாகவும் ஏற்கவேண்டும். இவை செய்தால் அது ஆராய்ச்சி. செய்யாவிடில், ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் அது திருட்டே.

இறந்தோரை மதிக்கும் வழி ஒன்றுதான்: அவர் மண்ணில் இருப்போரை மதிப்பது.