வாக்கு யாரைக் கட்டும்?

கொடுத்த வாக்கு கொடுத்தவனோடு முடிகிறதா, நாட்டையும் கட்டுமா? 1790-களில் அமெரிக்காவை இரு கட்சியாகப் பிரித்த சண்டைக்கு அடியில் இந்தக் கேள்விதான் கிடந்தது என்பேன். பூமி உயிரோடிருப்பவர்களுக்கே சொந்தம் என்று 1789-ல் பாரிஸிலிருந்து நண்பர் மேடிசனுக்கு எழுதினார் அங்கே அமெரிக்கத் தூதராயிருந்த ஜெஃபர்சன். பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோனின் இறப்பு அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு, எந்தக் கடனும் 19 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்றார். கருவூலச் செயலர் ஹாமில்டனுக்கோ விடுதலைப் போரின் கடன் பத்திரம் புனிதம். அதை அடிமாட்டு விலைக்கு விற்ற சிப்பாய்க்கு ஒன்றுமில்லை, வாங்கி வைத்திருந்த வியாபாரிக்கே முழு உரிமை.

1793-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தலை உருண்டதும் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். பிரான்ஸுடனான 1778-ன் கூட்டணி ஒப்பந்தம் மன்னரோடு போட்டது, நிறுத்திவைக்கலாம் என்றார் ஹாமில்டன்; இரு நாட்டு மக்களுக்கும் இடையிலானது, ஆட்சி மாறினாலும் கட்டும் என்றார் ஜெஃபர்சன். ஆளுக்கேற்ற நியாயம் என்று தள்ளிவிடலாம்தான். 15 வயது ஒப்பந்தம் 19-க்குள் அடங்குகிறதே என்று ஜெஃபர்சனுக்காக வாதாடவும் செய்யலாம். எனக்கு அது போதவில்லை: தலைமுறைகள் நாள் குறித்து மாறுவதில்லை, மனிதர்கள் தினமும் சாகிறார்கள், தினமும் பிறக்கிறார்கள். மேடிசனின் பதில்தான் நிற்கிறது: முன்னோர் விட்டுச்சென்ற பலனை அனுபவிப்பவர் அதன் கடனையும் ஏற்க வேண்டும். அப்படியானால் 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்காவுக்காக நின்ற பிரெஞ்சுப் படையும் கடன் கணக்கில்தான் வரும். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை, பிரான்ஸுக்காகப் போருக்கும் போகவில்லை.